இயந்திரத் தாளமும் அண்ணாவியாரின் கையும்: இலத்திரனியல் நடன இசையை மேடையில் நிகழ்த்துதல் குறித்து

1

இசை பற்றிய தமிழ்த் திறனாய்வு நீண்ட காலமாக இரு எல்லைகளுள் அடங்கி நின்றுவந்துள்ளது. ஒருபுறம் சாத்திரிய சங்கீதம், மறுபுறம் நாட்டாரிசை. முன்னையது இலக்கணத்தால் மதிப்புப் பெற்றது. பின்னையது பழைமையால் மதிப்புப் பெற்றது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று இளைஞரின் கால்களை இயக்கும் இசை வகைகள் ஆய்வுக்குரியனவாகக் கருதப்படுவது அரிது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையை மேடைகளிற் பரப்பியபோது, அதனைப் பொழுதுபோக்கென்று ஒதுக்குவது எளிதாயிருந்தது. அதன் துள்ளல் நடை எங்கிருந்து வந்தது, மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞாவுக்கும் பைலாவுக்கும் அதனோடுள்ள உறவு யாது, கேட்போர் அதனை ஏன் தமதாக்கிக்கொண்டனர் என்ற வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. மனோகரன் 2018ஆம் ஆண்டு மறைந்தபோது அவ்விசைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு இருந்தது. ஆனால் அவ்வரலாற்றுக்கு ஈடான திறனாய்வு இருக்கவில்லை.

இன்று அதே நிலை வேறொரு வடிவில் மீண்டும் தோன்றியுள்ளது. கீபோர்ட், மின் தாளப் பலகை, கணினி ஆகியவற்றைக் கொண்டு இலத்திரனியல் நடன இசையை மேடையில் நிகழ்த்த முனையும் இளைஞர் குழுக்கள் உலகின் பல பாகங்களிலும் வளர்ந்துவருகின்றன. இத்தகைய குழுவொன்றை முதன்முதலிற் பார்ப்பவர் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "இதிலே இவர்கள் செய்வது என்ன? பொத்தானை அழுத்துவதுதானே?" இவ்வினா ஏளனமாகக் கேட்கப்படினும் அது வெறும் ஏளனமன்று. நிகழ்கலை என்பதன் இலக்கணத்தையே அது தொட்டுநிற்கின்றது. இயந்திரம் வாசிக்கும்போது மனிதன் நிகழ்த்துவது யாது என்பதே அதன் உட்பொருள்.

இவ்வினாவுக்கான விடையை மேலைத்தேய நூல்களிலேயே தேடவேண்டும் என்பதில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தே, மருதமுனை தொடக்கம் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை பரந்துள்ள முஸ்லிம் ஊர்களின் ஆடற்கலைகளும் தாளக்கலைகளும் இவ்விசையை மதிப்பிடுவதற்குரிய உரைகல்லொன்றை வழங்கவல்லன. அவ்வுரைகல்லில் இப்புதிய இசையை உரைத்துப் பார்ப்பதும், இக்கரையில் எழக்கூடிய குழுவொன்றிடம் எதனை எதிர்பார்க்கலாம் என நிர்ணயிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலத்திரனியல் நடன இசையின் அடிப்படை மிக எளிமையானது. ஆழ்ந்த மத்தள ஒலியொன்று சமஇடைவெளியில் இடையறாது விழுகின்றது. சிக்காகோ நகரில் உருவான ஹவுஸ் வகையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள்; லண்டனில் உருவான ஜங்கிள் வகையில் 160க்கும் மேல். இவ்வடியின்மேல் குறுகிய ஒலித்துண்டுகள் திரும்பத் திரும்ப வந்து படிகின்றன. பாடல் என்பதற்குரிய தொடக்கமும் முடிவும் இங்கு முதன்மை பெறுவதில்லை. ஒலிகள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்தலும் விலகுதலுமே இதன் கட்டமைப்பு.

இதன் பிறப்பிடம் செல்வந்தரின் மாளிகையன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சிக்காகோ, டெற்றொயிற் ஆகிய அமெரிக்கத் தொழில் நகரங்களின் கறுப்பின இளைஞரே 1980களில் இதற்கு உருவம் கொடுத்தனர். அவர்கள் கையாண்ட கருவிகளின் வரலாறும் சுவையானது. யப்பானிய றோலண்ட் நிறுவனம் 1980இல் ரீஆர்-808 என்னும் தாள இயந்திரத்தையும், அடுத்து ரீபீ-303 என்னும் சிறு பேஸ் இயந்திரத்தையும் விற்பனைக்கு விட்டது. தனியே பயிலும் கிற்றார்க் கலைஞருக்குப் பக்கத்துணையாகவே பின்னையது கருதப்பட்டது. மனித வாத்தியக்காரரைப் போன்று ஒலிக்கவில்லை என்பதால் இரண்டும் வணிகத்தில் தோல்வியுற்றன. ஒருசில ஆண்டுகளிலேயே உற்பத்தியும் நின்றது. தோல்வியுற்ற பொருள் பழம்பொருட் கடைக்கு மலிவாக வந்தது. வசதியற்ற இளைஞரின் கைக்கு அது எட்டியதும் அதனாலேயே.

1987இல் வெளிவந்த 'அசிட் ட்ராக்ஸ்' என்ற இசைத்தட்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை. ஃபியூச்சர் என்ற சிக்காகோக் குழுவினர் 303 இயந்திரத்தை ஒரே சுரத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க விட்டுவிட்டு, அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகினர். சுரம் மாறவில்லை, சுரத்தின் நிறம் மாறியது. மூடிய ஒலி மெல்லத் திறந்து கூர்மையுற்று அலறி மீண்டும் அடங்கியது. இயந்திரம் வாசிக்க, மனிதன் அதன் குரலை ஆண்டான். பொத்தானை அழுத்துவதற்கும் நிகழ்த்துவதற்கும் இடையிலான வேறுபாடு இங்குத் தெளிவாகின்றது.

இதற்கு முன்னோடி யமெய்க்காவில் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கிங் ரப்பி முதலிய ஒலிப்பதிவாளர், ஒலிக்கலவைக் கருவியையே வாத்தியமாக்கி, பதிவான பாடலிலிருந்து குரலை நீக்கியும் முழவை மட்டும் தனித்தொலிக்க விட்டும் எதிரொலி சேர்த்தும் 'டப்' என்னும் வகையைத் தோற்றுவித்தனர். சேர்ப்பதும் எடுப்பதுமே அங்குப் படைப்பாயிற்று.

எனினும் இவ்விசையின் உள்ளத்திலே ஒரு சிக்கல் உள்ளது. இதன் காலத்தை ஆள்வது கடிகாரம். 1983இல் மிடி என்னும் பொது நியமம் வந்தபின் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பிசகின்றி ஒத்தியங்கலாயிற்று. அதன் பயன் பெரிது. அதன் விலையும் பெரிது. அனைத்துக் கருவிகளும் ஒரே கடிகாரத்துக்குக் கீழ்ப்படிந்தபோது மேடையில் நின்ற மனிதனும் அதற்குக் கீழ்ப்படிய நேர்ந்தது. காதில் ஒலிக்கும் 'டிக் டிக்' என்னும் ஓசைக்கேற்பத் தாள வாத்தியக்காரர் அடிக்கின்றார். சபையோர் களைத்தாலும் கிளர்ந்தாலும் அவ்வோசை மாறுவதில்லை. ஜேர்மனியின் டூசல்டோர்ஃப் நகரில் 1970இல் உருவான கிராஃப்ட்வேர்க் குழுவினர் இவ்வுண்மையை மறைக்கவில்லை, அதனையே காட்சியாக்கினர். 1978இன் இசைத்தட்டொன்றில் வெளியான றோபோக்கள் பற்றிய பாடல் மேடையில் ஒலிக்கும்போது கலைஞர் விலகிக்கொள்ள, அவர்தம் உருவிலமைந்த இயந்திரப் பாவைகள் அவ்விடத்தில் நின்று அசைந்தன. அது நகைச்சுவை, ஆயினும் கேட்போரை நோக்கிய வினாவும் ஆகும். மேடையில் மனிதர் இல்லாவிடின் இழக்கப்படுவது யாது?

3

இவ்வினாவோடு கல்முனைக் கரையின் கலைகளை நோக்குதல் வேண்டும்.

முதலிற் களிகம்பு. ஆடவர் இணையிணையாக வட்டமிட்டு, இரு கைகளிலும் கம்பேந்தி, எதிரில் வருபவரின் கம்போடு தம் கம்பை மோதி ஆடுவது இது. பொல்லடி என்றும் வழங்கும். திருமணம், சுன்னத்துக் கல்யாணம், விருந்தினர் வரவேற்பு முதலிய வேளைகளில் இது நிகழ்ந்து வந்துள்ளது. வட்டத்தை நடத்துபவர் அண்ணாவியார். அவர் அடியெடுத்துக் கொடுக்க ஆடுவோர் வாங்கிப் பாடுவர். ஆட்டம் நிதானமாகத் தொடங்கிப் படிப்படியாக விரைவுபெறும். எப்போது விரைவுபடுத்துவது என்பதற்கு எழுதிவைத்த விதியில்லை. ஆடுவோரின் மூச்சு, வயது, பயிற்சி, சுற்றி நிற்போரின் ஆரவாரம் ஆகியவற்றைக் கண்ணாற் கண்டு அண்ணாவியார் அவ்விடத்திலேயே முடிவு செய்கின்றார். அவர் முந்தினால் கம்பு விரலில் விழும். பிந்தினால் ஆட்டம் தளரும். ஆகவே காலம் அவர் கையிலிருப்பினும் அது அவருக்கு மட்டும் உரியதன்று. ஆடுவோரின் கால்களிலிருந்து அதனை அவர் பெறுகின்றார். பெற்றதை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கின்றார்.

அடுத்தது பக்கீர் பாவாக்களின் தாயிரா. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெற்று வருகின்றது. இத்தகைய விழாக்களில் றிபாயி நெறியைச் சார்ந்த பாவாக்கள் தாயிராவை முழக்கி றாத்தீபு ஓதுவர். ஓதலும் முழக்கமும் செறிவுற்று உச்சமடையும் வேளையில் கூரிய இரும்பைத் தம் உடலிற் செலுத்திக்கொள்வோரும் அவர்களுள் உளர். இச்செயல் பற்றி முஸ்லிம்களிடையே ஒத்த கருத்தில்லை. இசைநோக்கில் மட்டும் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். இங்கு முழக்குவோரின் கண், செயல் நிகழ்த்துவோரின் உடலைவிட்டு அகல முடியாது. தாளம் உடலைக் கவனித்தல் இங்கு அழகுக்காக மட்டுமன்று, உயிருக்காகவும் ஆகும்.

மூன்றாவது, கேட்போரின் பங்கு. கிழக்கின் முஸ்லிம் திருமணங்களில் பெண்கள் இடும் குரவை, நிகழ்வின் உச்சத்தைச் சபையே அறிவிக்கும் ஒலி. றபானோடு பாடப்பெறும் பைத்துகளிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் வாங்கிச் சொல்லும் அமைப்பையே காணலாம். கேட்போர் வாய்மூடி அமர்ந்திருக்கும் கச்சேரி மரபன்று இது.

இவ்வாறு நோக்கின் நிகழ்த்துகைக்குரிய மூன்று இலக்கணங்களை இக்கலைகளிலிருந்து வகுக்கலாம். ஒன்று, காலத்தை மாற்றும் அதிகாரம் களத்தில் நிற்கும் மனிதரிடம் இருத்தல். இரண்டு, பிழை நேரக்கூடிய நிலையில் நிகழ்த்துதல். பிழைக்கு இடமில்லாத இடத்தில் திறனுக்கும் இடமில்லை. மூன்று, சபையின் மறுமொழி நிகழ்வின் போக்கை மாற்றவல்லதாக இருத்தல்.

இக்கலைகளின் ஒலியமைப்பும் நோக்கத்தக்கது. குரல், தோற்கருவி, கம்போசை ஆகியவையே இவற்றின் பெரும்பகுதி. தந்தி வாத்தியமும் காற்று வாத்தியமும் இவற்றில் முதன்மை பெறவில்லை. இலத்திரனியல் நடன இசையின் எலும்புக்கூடும் அடியும் குரலுமே என்பதை நினைவுகூர்ந்தால், இவ்விசை இக்கரைக்கு முற்றிலும் அந்நியமன்று என்பது தெளிவாகும். கருவி புதிது, கட்டமைப்புப் பழையது.

4

மேற்கூறிய இலக்கணங்களைக் கொண்டு, தென்னாசியரும் தமிழரும் இத்துறையில் ஆற்றிய பணிகள் மூன்றினை இனி மதிப்பிடலாம்.

முதலாவது, பம்பாயின் சரண்ஜித் சிங். இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்த இக்கலைஞர் 1982இல், பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து இசைத்தட்டொன்றை வெளியிட்டார். 808, 303 ஆகிய இயந்திரங்களையும் ஜூபிட்டர்-8 என்னும் சிந்தசைசரையும் அவர் அதற்குக் கையாண்டார். அவ்விசைத்தட்டு அன்று கவனம் பெறவில்லை. 2010இல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பாக வந்தபோதுதான், சிக்காகோவின் 'அசிட் ட்ராக்ஸ்' இசைத்தட்டுக்கு ஐந்தாண்டு முன்னரே அதனையொத்த ஒலியைப் பம்பாயில் ஒருவர் எழுப்பியிருந்தமை கண்டு உலகம் வியந்தது. முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் வாசிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. 2015இல் அவர் மறைந்தார்.

அவருடைய ஆக்கத்தின் சிறப்பு, கருவியின் இயல்பை இராகத்தின் தேவையோடு பொருத்திக் கண்டமையாகும். 303 இயந்திரத்தில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. சுரங்களைத் துண்டாகத் தட்டும் சாதாரண விசைப்பலகையால் இயலாத அசைவு அது. இராகத்துக்கு இன்றியமையாத அசைவும் அதுவே. இயந்திரத்தை உருவாக்கியவர் எண்ணியிராத பயனை இந்தியச் செவி அதிற் கண்டது. ஆயின் குறையும் உண்டு. இராக விரிவின் உயிர்நாடி காலத்தின் வளர்ச்சி. விளம்பத்தில் தொடங்கித் துரிதத்தில் நிறைவுறுதல். இவ்விசைத்தட்டிலோ தாளம் தொடங்கியபின் ஒரே வேகத்தில் ஓடுகின்றது. சுருதியில் வென்ற கலைஞர் காலத்தைக் கடிகாரத்திடம் ஒப்படைத்துவிட்டார். இது தனியொருவர் கலையகத்தில் அமைத்த ஆக்கம் என்பதனால் முதலிலக்கணம் இங்கு நிறைவேற வழியில்லை.

இரண்டாவது, லண்டனின் ஏசியன் டப் பவுண்டேசன். இளைஞருக்கு இசைத் தொழில்நுட்பம் கற்பித்துவந்த சமூக நிலையமொன்றின் பயிற்சி வகுப்பில் 1993இல் இக்குழு உருவாயிற்று. கற்பித்த அனிருத்த தாஸ், இளைஞர் பணியாளரான ஜோன் பண்டிற், மாணவரான தீதர் ஸமான் ஆகியோர் அதன் தொடக்க உறுப்பினர். ஸமான் வங்காளதேச வழிவந்தவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் நின்றமை இக்குழுவின் தன்மையைப் பெரிதும் தீர்மானித்தது. ஒலிபெருக்கித் தொகுதியோடு இசைத்தட்டுகளை இயக்கியும் குரல் கொடுத்தும் தொடங்கிய அவர்கள் சில ஆண்டுகளில் முழுமையான மேடைக்குழுவாக வளர்ந்தனர். 1998இல் வெளியான 'றஃபீஸ் றிவெஞ்' அவ்வாண்டின் மேர்க்குரிப் பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது.

வளர்ந்துவரும் குழுவொன்று இயந்திர இசையை எவ்வாறு மேடையேற்றலாம் என்பதற்கு இவர்களே தக்க எடுத்துக்காட்டு. ஜங்கிள் தாளத்தின் வேகம் மிகுதி. அதனை இயந்திரமே வாசிக்கின்றது. ஆயின் அதன்மேல் பேஸ் கிற்றார் மனிதக் கையால், பாதி வேகத்தில், டப் நடையில் நிதானமாக இயங்குகின்றது. ஸ்டீவ் சந்திரா சவாலே தம் கிற்றாரின் தந்திகளை ஒரே சுரத்துக்குச் சுருதி கூட்டி, தம்பூராவை நினைவூட்டும் முழக்கத்தை எழுப்பினார். ஸமானின் வேகப்பேச்சு தாளத்தோடு ஓடியும் தாளத்தை எதிர்த்து நின்றும் சொற்களை வீசியது. ஒரே நேரத்தில் இரு காலங்கள்: இயந்திரத்தின் விரைவு, மனிதரின் நிதானம். கடிகாரத்தை அவர்கள் அகற்றவில்லை; அதனோடு வழக்காடினர். இவ்வழக்காடலே அவர்களுடைய மேடையின் உயிர். இனவெறுப்புக்கும் நீதியின்மைக்கும் எதிரான அவர்களின் சொற்கள் வெறும் கோஷமாகாது இசையாகியமைக்கும் இதுவே காரணம் எனலாம். எதிர்ப்பு, பொருளில் மட்டுமன்றி ஒலியின் அமைப்பிலும் இருந்தது.

மூன்றாவது, மாயா என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் 1975இல் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழித்து, போரினால் இடம்பெயர்ந்து லண்டன் மீண்ட இவர், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் 'அருளர்' என்ற தொகுப்பை வெளியிட்டார். றோலண்ட் எம்சீ-505 என்னும் ஒரே கருவியில் தொடக்கப் பாடல்களின் தாளங்களை அவர் அமைத்தமை பலரும் அறிந்தது. முறையான இசைப் பயிற்சி இல்லாதவருக்கும் அத்தகைய கருவி வழிதிறந்தது. 2007இன் 'கலா' தொகுப்புக்காகச் சென்னை சென்று, அங்குள்ள தாளக் கலைஞரின் முழக்கத்தைப் பதிவுசெய்து அவர் பயன்படுத்தினார். தமிழ் உறுமியின் ஒலி உலக நடன அரங்குகளில் முழங்கியது இவ்வாறே.

இவ்வொலியின் வருகை பெருமைக்குரியது. உறுமியை மெருகிட்டு மென்மையாக்காது, அதன் கரகரப்போடு முன்னிறுத்தியமை துணிவான அழகியற் செயல். ஆயின் மேடை என்ற நோக்கில் ஒரு வினா எஞ்சுகின்றது. பதிவான உறுமித் துண்டு களைப்பதில்லை, சபையைப் பார்ப்பதுமில்லை. உறுமிக்காரர் தோலில் வளைகோலைத் தேய்க்கும்போது, எதிரில் ஆடுபவருக்கேற்ப அத்தேய்ப்பை நீட்டவும் குறுக்கவும் வல்லவர். துண்டாக்கப்பட்ட ஒலியில் அவ்வல்லமை எஞ்சுவதில்லை. முழக்கியவர் சென்னையில், முழக்கம் உலக மேடையில். மாயாவின் மேடைகளில் உயிரூட்டுவது அவர் குரலும், மேடையையும் சபையையும் பிரிக்கும் எல்லையைத் தாண்டும் அவரது இயல்புமேயாகும். மூன்றாம் இலக்கணம் அங்கு நிறைவேறுகின்றது, முதலாவது நிறைவேறுவதில்லை.

5

இம்மதிப்பீட்டுக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். இரண்டும் கருத்திற் கொள்ளத்தக்கன.

முதற்றடை, இயந்திரம் மரபை அழித்துவிடும் என்பது. இதற்கு இக்கரையின் வயல்களே சான்று. சூடு மிதிக்கும் களத்தில் எருமைகளின் நடைக்கேற்பப் பொலிப்பாடல் ஒலித்த காலம் ஒன்றிருந்தது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அப்பாடலுக்குக் களம் இல்லாதுபோயிற்று. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கின் முஸ்லிம் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டியிராவிடின் அவற்றுட் பலவற்றின் சொற்களும் மறைந்திருக்கும். இவ்வச்சத்தைப் புறக்கணித்தல் இயலாது. ஆயினும் இக்கரையில் வேறோர் இயந்திரமும் உண்டு. மருதமுனையின் கைத்தறி அது. தறியும் இயந்திரமே, அதன் ஓசையும் மீண்டும் மீண்டும் வருவதே. ஆனால் மிதிப்பது நெசவாளரின் கால், நாடாவை ஓட்டுவது அவர் கை. நூல் அறுந்தால் ஓசை நிற்கின்றது. நெசவாளர் களைத்தால் ஓசை தளர்கின்றது. வேறுபாடு இயந்திரம் உண்டா இல்லையா என்பதிலன்று. அதன் காலம் யார் உடலிலிருந்து பிறக்கின்றது என்பதிலேயே உள்ளது. அறுவடை இயந்திரம் போன்றும் இலத்திரனியல் கருவியைக் கையாளலாம். கைத்தறி போன்றும் கையாளலாம்.

இரண்டாம் தடை சமயஞ் சார்ந்தது. இசைக்கருவிகளின் ஆகுமை பற்றி முஸ்லிம் அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. திருமணத்தில் தஃப் முழக்குதலை ஏற்போருள்ளும் பிற கருவிகளை ஏற்காதோர் பலர். அவ்விவாதத்திற்குத் தீர்ப்புக் கூறுதல் கலைத் திறனாய்வின் பணியன்று. எனினும் அவ்விவாதம் இக்கரையின் இசைக்கு ஒரு தனித்தன்மையைக் கொடுத்துள்ளமையைத் திறனாய்வாளர் அவதானித்தல் வேண்டும். குரலும் தோலும் கம்பும் என்ற சிக்கனம் அதனோடு இயைந்ததே. சிக்கனம் கலைக்கு வறுமையன்று. இக்கரையில் எழும் குழு அச்சிக்கனத்தைக் குறையாகக் கருதி மூடிமறைக்காது, தன் வலிமையாகக் கொள்ளுமாயின் அதன் ஒலி உலகின் வேறெந்தக் குழுவின் ஒலியையும் ஒத்திராது.

அத்தகைய குழு தவிர்க்கவேண்டிய எளிய வழியொன்றுண்டு. ஆயத்தமாகக் கிடைக்கும் ஹவுஸ் தாளமொன்றை ஓடவிட்டு, அதன்மேல் தாயிராவின் ஒலித்துண்டொன்றையும் களிகம்பின் ஓசையையும் தூவி, அதற்கு மண்வாசனை என்று பெயரிடுவதே அது. இது அலங்காரம்; ஆக்கமன்று. மரபிலிருந்து பெறவேண்டியது ஒலியன்று, ஒழுங்கு. அண்ணாவியாரின் குறிப்புக்காகக் காத்திருத்தல், எடுத்துக் கொடுத்தலும் வாங்கிச் சொல்லுதலும், படிப்படியான விரைவு, உச்சத்திற்குப்பின் சடுதியான மௌனம் ஆகியனவே அவ்வொழுங்கின் கூறுகள். தொழில்நுட்பம் இதற்குத் தடையன்று. 2001இல் பேர்லினிலிருந்து வெளிவந்த ஏபிள்டன் லைவ் என்னும் மென்பொருள், ஒலித்துண்டுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தாது மேடையிலேயே தெரிந்தெடுத்து ஒலிக்கவும், வேகத்தை விரலாற் தட்டி மாற்றவும் இடமளிக்கின்றது. தாள வாத்தியக்காரர் கடிகாரத்தைப் பின்பற்றுவதற்குப் பதிலாகக் கடிகாரம் அவரைப் பின்பற்றுமாறும் அமைத்தல் கூடும். வேண்டுவது கருவியன்று, காலத்தை மீட்டெடுக்கும் விருப்பமும் பயிற்சியுமே.

அவ்விருப்பம் எளிதில் வருவதன்று. பிழைபடாத ஒலிப்பதிவின் பாதுகாப்பு பெரும் சலனத்தைத் தருவது. திரையிசைப் பாடல்களைக் கரோக்கே ஒலிப்பதிவோடு பாடிப் பழகிய மேடைகளில், பிழை நேர்வதே குற்றமாகக் கருதப்படுகின்றது. கேட்போரும் ஒலித்தட்டிற் கேட்டவாறே மேடையிலும் கேட்க விழைகின்றனர். ஆகவே குறை கலைஞரிடம் மட்டுமில்லை. நிகழ்த்துகையை நிகழ்த்துகையாகக் கேட்கும் செவியைச் சபையும் மீளப் பெறவேண்டியுள்ளது.

6

கல்முனைக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மருதமுனையை அடுத்துப் பாண்டிருப்பு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு. போரும் பகைமையும் எழுப்பிய எல்லைகள் இவ்வூர்களுக்கிடையே இன்றும் முற்றாக அழிந்துவிடவில்லை. மொழி ஒன்று, வயலும் கடலும் ஒன்று, மேடையோ பெரும்பாலும் வேறு வேறு. ஒலி எல்லையைக் கேட்டுச் செல்வதில்லை. பள்ளிவாசலின் தாயிராவும் கோயிலின் பறையும் உடுக்கும் அடுத்த ஊருக்குக் காற்றோடு சென்று சேர்ந்தே வந்துள்ளன. இரு சமூகத்து இளைஞரும் கூடிநின்று, ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் காலத்தை அமைக்கும் குழுவொன்று இக்கரையில் எழுமாயின், அதன் பயன் இசையோடு முடிவதன்று. பிறர் மூச்சைக் கவனித்துத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளுதல் தாளக்கலையின் முதற்பாடம். அடுத்தடுத்து வாழ்வோருக்கும் அதுவே முதற்பாடம்.

"பொத்தானை அழுத்துவதுதானே?" என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். பொத்தானை அழுத்தியபின் கண் எங்கே செல்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். அது கணினித் திரையிலேயே நிலைத்துவிடின் நிகழ்வது ஒலிபரப்பு. ஆடுவோரின் கால்களை நோக்கித் திரும்புமாயின், கையில் இருப்பது கம்பாயினும் குமிழாயினும், அங்கு ஓர் அண்ணாவியார் நிற்கின்றார்.